வேம்பு சூடிய வேலும் நடிகர் பெயரும்

புகழ்பெற்றோர் தம் பெயரும் முகமும் குரலும் தமக்கே உரிய உடைமை என்று வழக்குமன்றங்களில் நிலைநாட்டி வருகின்றனர். இசைவு பெறாமல் பிறர் அவற்றைக் கையாளுதல் கூடாது என்பது அவர் கோரிக்கை. அங்ஙனமாயின் எம் பேச்சுரிமை என்னாவது என்று எழுதுவோரும் நடிப்போரும் வினவுகின்றனர். இச்சிக்கல் புதியதுபோல் தோன்றினும், இதன் அடிப்படை வினா தொல்காப்பியத்திலேயே எழுப்பப்பட்டுள்ளது.

அன்பின் ஐந்திணையைப் பாடுங்கால் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்று அகத்திணையியல் விலக்குகின்றது. புறத்திணைக்கு அவ்விலக்கு இல்லை. அரசனைப் பெயர் சொல்லிப் புகழலாம், இடித்துரைக்கலாம், வசையும் பாடலாம். வசைக்கு அங்கதம் என்று பெயரிட்டுச் செம்பொருள், பழிகரப்பு என இருவகை காட்டுகின்றது செய்யுளியல்.

நெடுநல்வாடையில் பாண்டியன் பெயர் யாண்டும் இல்லை. ஆயினும் வேலின் தலையில் வேம்பு சூட்டியிருந்தமை ஓரிடத்தில் வருகின்றது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப்பூ. எனவே ஒருவரைச் சுட்டியதாயிற்று, இப்பாட்டு அகமாகாது, புறமே என்றார் நச்சினார்க்கினியர். அவர் முடிபை ஏலாதாரும் உளர். நாம் நோக்கவேண்டுவது அவர் முறையை. பெயர் சொல்லாவிடினும் ஆளை அறிய முடிந்தால் அது சுட்டுதலே என்பது அம்முறை.

சென்னை உயர்நீதிமன்றம் 2015இல் இதே வழியில் சென்றது. ‘மைன் ஹூ ரஜினிகாந்த்’ என்ற இந்திப் படத்துக்கு எதிராக நடிகர் ரஜினிகாந்த் வழக்குத் தொடுத்தார். கதைமாந்தர் அவரல்லர் என்றனர் படம் எடுத்தோர். பெயராலும் பேசும் பாங்காலும் மக்கள் அவரை அடையாளம் காண்பராயின் அதுவே போதும் என்று கொண்டு மன்றம் தடை விதித்தது. படம் பின்னர் வேறு பெயரில் வெளிவந்தது.

அடையாளம் பற்றிய பகுதியில் எனக்கு மறுப்பில்லை. வேம்பைக் கண்ட நச்சினார்க்கினியர் பாட்டை விலக்கினாரில்லை. அதன் திணையை மாற்றினார். மன்றமோ அடையாளம் கண்ட அளவிலேயே நின்றுவிட்டது. இது நகையா, பழியா, வாணிகமா என்ற அடுத்த வினாவுக்கு உரிய இடம் தரவில்லை. நடிகரின் நடையும் பேச்சும் பல்லாண்டாக மக்கள் பார்த்துப் பார்த்துப் பொதுவழக்காகிவிட்டவை. அவற்றைச் சாயலாகக் காட்டாமல் அவரைப் பற்றிய அங்கதம் ஒன்றை எங்ஙனம் இயற்றுவது?

இதனினும் நுட்பமான தீர்ப்பு 1994லேயே கிடைத்துள்ளது. தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தது. அதில் அதிகாரிகள் சிலரின் தொடர்பும் பேசப்பட்டமையால் சிறைத்துறை தடுக்க முயன்றது. பொது ஆவணங்களில் கண்ட அளவுக்கு ஒருவர் வாழ்வை அவர் இசைவின்றியும் எழுதலாம். குடும்பம், மணம் முதலிய அந்தரங்கத்துள் இசைவின்றிப் புகுந்தால் அதன் விளைவை ஏற்கவேண்டும். அதிகாரிகள் முன்கூட்டித் தடுத்தல் ஆகாது என்றது இந்திய உச்ச நீதிமன்றம். ஏறத்தாழ இஃது அகம், புறம் என்னும் பகுப்பே.

அப்பகுப்பும் எங்கும் நேர்கோடாக அமைவதில்லை. வையாவிக் கோப்பெரும் பேகன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவனைச் சுட்டியே அவள் துயரைப் பாடினர். புறநானூற்றில் 143 முதல் 147 வரை அப்பாட்டுகளைக் காணலாம். இல்லறம்பற்றிய செய்திதான், எனினும் வள்ளல் என்று ஊரறிந்தவன் தன் மனைவிக்கு மட்டும் அருளாதபோது அது புறத்துக்கு வந்துவிடுகின்றது. பேகன் அன்று தடையாணை பெற்றிருப்பின் நமக்கு அந்த ஐந்து பாட்டும் இல்லை.

வாணிகம் வேறு. நடிகர் சொல்லாத சொல்லை அவர் குரல்போலவே பொறியால் செய்து பொருள் விற்பவன் பாடவுமில்லை, பழிக்கவுமில்லை. பொய்க் கையொப்பம் இடுகின்றான். 2023இல் அனில் கபூரின் பெயர், உருவம், குரல் ஆகியவற்றை இங்ஙனம் வாணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தில்லி உயர்நீதிமன்றம் தடுத்தது முறையே.

திகாம் பத்து ஆசிரியர்க்கு இதனால் என்ன என்று கேட்கலாம். மலேசியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. ஆனால் நாம் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து வருபவை. ஆங்கே தடுக்கப்பட்டது ஈங்கு வந்து சேராது. நம் பள்ளி மேடைகளில் பிள்ளைகள் பலகுரலில் பேசிக் காட்டுவதும் அந்நடிகர்களைத்தான்.

தன்னைப்பற்றித் தான் விரும்பியதே வழங்கவேண்டும் என்று ஒருவன் ஆணையிட்டால் கிடைப்பது மெய்க்கீர்த்தி. நம் கெடாவைக் கடாரம் என்று குறிக்கும் இராசேந்திரன் மெய்க்கீர்த்தியே அதற்குச் சான்று. கடாரத்தரசனைப் பிடித்ததும், அவன் யானையையும் நிதிக்குவியலையும் கவர்ந்ததும் அதில் விரிவாக உண்டு. இங்கிருந்த குடிமக்கள் பட்டது ஒருவரிகூட இல்லை.