இல்லாத குழந்தைக்குக் காவல்: ‘த ஹவுஸ் ஆஃப் த டெவில்’ படத்தில் விளம்பரமும் அச்சமும்

முன்னுரை

டை வெஸ்ட் இயக்கத்தில் 2009-இல் வெளிவந்த ‘த ஹவுஸ் ஆஃப் த டெவில்’ என்னும் அமெரிக்கத் திகில் படம், பத்து இலட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுக்கப்பட்ட தனிமுயற்சிப் படமாகும். 1980-களில் நிகழும் கதையை அக்காலத்திலேயே எடுக்கப்பட்ட படம்போல் அது காட்டுகிறது. இதனால் இப்படத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதன் புறத்தோற்றத்தோடு நின்றுவிடுகிறது. 16 மி.மீ. படச்சுருள், மஞ்சள் எழுத்துகளுடன் உறைந்து நிற்கும் தொடக்கச் சட்டகங்கள், கேமராவை நகர்த்தாமல் ஜூம் கொண்டு நெருங்கும் காட்சிகள், கதைத்தலைவியின் இடுப்பில் தொங்கும் வாக்மேன் ஆகியவை மீண்டும் மீண்டும் சுட்டப்படுகின்றன. ஒரு காலத்தின் தோற்றத்தை மீட்கும் படம் அக்காலத்தின் நம்பிக்கைகளை எவ்வாறு கையாள்கிறது என்பது இதனினும் கடினமான வினா. அவ்வினாவை முன்வைத்து இப்படத்தை இக்கட்டுரை அணுகுகிறது.

தொடக்க அறிவிப்பு

திறந்தவெளி வாகனத் திரையரங்குகளையும் நகரத்து மலிவு அரங்குகளையும் நம்பி எடுக்கப்பட்ட எக்ஸ்ப்ளாய்டேஷன் படங்கள், பெயர்பெற்ற நடிகரோ தயாரிப்புச் செழுமையோ இல்லாத குறையைச் சுவரொட்டியின் வாக்குறுதியால் ஈடுகட்டின. அவ்வாக்குறுதிகளுள் ஆற்றல் மிக்கது ‘இது உண்மைக் கதை’ என்பதாகும். டோபி ஹூப்பரின் ‘த டெக்சஸ் செயின் சா மாசகர்’ (1974) அவ்வாறே தொடங்குகிறது. எட் கீன் என்னும் குற்றவாளியிடமிருந்து சில கூறுகளை மட்டுமே பெற்ற கற்பனைக் கதை அது.

வெஸ்டின் படமும் இம்மரபைப் பின்பற்றி ஓர் எழுத்துச் சட்டகத்துடன் தொடங்குகிறது. 1980-களில் அமெரிக்கப் பெரியவர்களுள் 70 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் சாத்தானிய வழிபாட்டுக் குழுக்கள் இருப்பதாக நம்பினர் என்றும், மேலும் 30 விழுக்காட்டினர் அதற்குச் சான்று கிட்டாமைக்கு அரசின் மறைப்பே காரணம் எனக் கருதினர் என்றும் அது அறிவிக்கிறது. எழுபதும் முப்பதும் நூறு. நம்பாதவர் என ஒருவரும் எஞ்சவில்லை! இதைக் கூட்டிப் பார்க்கும் பார்வையாளர் புன்னகைப்பார். கூட்டிப் பாராதவர் அஞ்சத் தொடங்குவார்.

இந்த அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1980-இல் ‘மிஷெல் ரிமெம்பர்ஸ்’ என்னும் நூல் வெளிவந்ததைத் தொடர்ந்து, குழந்தைகளைச் சாத்தானிய சடங்குகளுக்கு உள்ளாக்கும் இரகசியக் குழுக்கள் நாடெங்கும் இயங்குவதாக ஒரு நம்பிக்கை பரவியது. கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளியின்மீது 1983-இல் எழுந்த குற்றச்சாட்டு 1990 வரை நீதிமன்றத்தில் நீடித்தும் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் நடத்திய தம்பதியினர் 1992-இல் தண்டிக்கப்பட்டு, 2013-இல்தான் விடுதலையாயினர். இத்தகைய குழுக்கள் குழந்தைகளைப் பலியிடுவதற்குச் சான்றில்லை என்பதை எஃப்.பி.ஐ. அதிகாரி கென்னத் லேனிங் 1992-இல் வெளியிட்ட அறிக்கையில் எடுத்துரைத்தார். இவ்வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டோர் பலரும் பிறர் குழந்தைகளைக் கூலிக்குப் பார்த்துக்கொண்டவர்கள் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

வாடகையும் விளம்பரமும்

வெஸ்ட் இவ்வமைப்பைத் தலைகீழாக்குகிறார். கல்லூரி மாணவி சமந்தா (ஜோஸ்லின் டானஹ்யூ) விடுதி அறைத்தோழியின் தொல்லை தாளாமல் தனி வீடு பார்க்கிறாள். முன்பணம் வேண்டாம், முதல் மாத வாடகை தந்தால் போதும் என்கிறாள் வீட்டுக்காரி. அந்த வாடகைக்கும் அவளிடம் வழியில்லை. கல்லூரி அறிவிப்புப் பலகையில் குழந்தைக் காப்பாளர் தேவை என்னும் தாளைக் கண்டு அதிலுள்ள எண்ணுக்குத் தொலைபேசுகிறாள். ஊருக்கு வெளியேயுள்ள அவ்வீட்டிற்குச் சென்ற பின்னரே, பார்த்துக்கொள்ள வேண்டியது குழந்தையை அன்று, மனைவியின் முதிய தாயை என்பதை உல்மன் (டாம் நூனன்) தயங்கித் தயங்கிச் சொல்கிறார். தோழி மேகன் (கிரேட்டா கெர்விக்) திரும்பிப் போய்விடலாம் என்கிறாள். கூலி 400 டாலராக உயர்கிறது, சமந்தா தங்குகிறாள்.

படத்தின் மிகச் சிறந்த பகுதி இப்பேரமே எனலாம். உல்மனின் குரலில் மிரட்டல் இல்லை. அளவுமீறிய பணிவு இருக்கிறது. பொய் வெளிப்பட்ட பின்னும் அவள் தங்குவதற்குக் காரணம் அறியாமை அன்று, வாடகை. திகில் படப் பாத்திரங்கள் ஏன் வீட்டைவிட்டு ஓடுவதில்லை என்னும் பழைய கேலிக்கு இவ்வளவு நேர்மையான விடை இவ்வகைப் படங்களில் அரிது. அறிவிப்புப் பலகைத் தாளும் படத்தின் தொடக்கச் சட்டகமும் ஒரே வகைச் செயல்கள் என்பது இவ்விடத்தில்தான் புலனாகிறது. இரண்டும் பொய் விளம்பரங்கள். ஒன்று சமந்தாவை வீட்டிற்குள் அழைக்கிறது. மற்றொன்று பார்வையாளரை அரங்கிற்குள் அழைக்கிறது.

மேகனின் முடிவும் இத்தொடர்பில் வைத்து நோக்கத்தக்கது. திரும்பும் வழியில் கல்லறைத் தோட்டத்தருகே வண்டியை நிறுத்தியவளிடம், குழந்தைக் காப்பாளர் நீ இல்லையா என ஓர் இளைஞன் கேட்கிறான். இல்லை என்றதும் சுட்டுக் கொல்கிறான். அவனுக்கு வேண்டியது எவளோ ஒருத்தி அல்லள், வேலைக்கு ஒப்புக்கொண்டவள்.

காத்திருப்பு

அதன்பின் நெடுநேரம் ஏறத்தாழ ஒன்றும் நிகழ்வதில்லை. சமந்தா தொலைக்காட்சி பார்க்கிறாள், பீட்சா வரவழைக்கிறாள், வாக்மேனில் த ஃபிக்ஸ் குழுவின் பாடலைக் கேட்டபடி அறை அறையாக ஆடுகிறாள். தோழி இறந்ததைப் பார்வையாளர் அறிவர், அவள் அறியாள். அந்த அறிவு வேறுபாடே ஒவ்வொரு வாசற்படியையும் அச்சத்திற்குரியதாக்குகிறது. ராபர்ட் ரோட்ரிகஸின் ‘பிளானட் டெரர்’ (2007) போன்ற படங்கள் சட்டகத்தின்மீது செயற்கைக் கீறல்களைப் பதித்துப் பழைமையை நகைப்புக்குரிய பண்டமாக்கின. வெஸ்ட் கீறல் எதையும் சேர்க்கவில்லை. பழைய படங்களிடமிருந்து அவர் பெற்றுக்கொண்டது அவற்றின் பொறுமையை. வீட்டுக்காரியாக ‘த ஹில்ஸ் ஹாவ் ஐஸ்’ (1977) டீ வாலஸையும், உல்மனின் மனைவியாக ‘டெத் ரேஸ் 2000’ (1975) மேரி வொரனாவையும் நடிக்க வைத்ததும் இத்தகையதே. படச்சுருளின் புள்ளிகளைவிட அவர்களின் முதிர்ந்த முகங்கள் அம்மரபை நேர்மையாக நினைவூட்டுகின்றன.

ஆட்டத்தினிடையே ஒரு பூச்சாடி உடைகிறது. சில்லுகளை அள்ளும் வேளையில் சமந்தாவிற்கு ஒரு நிழற்படம் அகப்படுகிறது. உல்மன் தம்பதியினரின் வோல்வோ காரருகே முற்றிலும் வேறொரு குடும்பம் நிற்கிறது. வீடு அவர்களுடையது அன்று. அவள் திறவாத கதவொன்றின் மறுபுறம் அக்குடும்பத்தாரின் உடல்கள் கிடப்பதைக் கேமரா தனியே சென்று காட்டுகிறது.

அணங்கின் வரவு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கைக் குறிப்பிடுகிறார். இப்பகுப்பைக் கொண்டு நோக்கின், நிழற்படம் வரையிலான படம் முழுவதும் கள்வர் பற்றிய அச்சமே. பிறர் வீட்டைக் கவர்ந்தவர்கள், பொய்க் கூலி பேசியவர்கள், மயக்க மருந்து கலந்த உணவைத் தந்தவர்கள் என எல்லாம் மனிதச் செயல்களே. இவ்வெல்லைக்குள் நின்றவரை படம் 1980-களின் பீதியை எதிர்த்துப் பேசுகிறது. ஆபத்து கூலிக்காரியிடமிருந்து வரவில்லை. நன்கு உடுத்த, பணிவாகப் பேசும் முதியோரிடமிருந்து வருகிறது.

சந்திர கிரகணத்தோடு இது மாறுகிறது. குருதிச் சடங்கு, விகார முகமுடைய தாய், துரத்தல் என இறுதிப்பகுதி விரைகிறது. அச்சத்தின் களன் கள்வரிலிருந்து அணங்கிற்குப் பெயர்கிறது; சாத்தான் உண்மையாகிறான். அதுவரை இரட்டைப் பொருளோடு நின்ற தொடக்கச் சட்டகம் இப்போது ஒற்றைப் பொருளுக்குச் சுருங்குகிறது. இவ்வகைப் படங்களின் இலக்கணம் இது என வெஸ்டின் சார்பில் வாதிடலாம்; சுவரொட்டி வாக்களித்ததைப் படம் காட்டியாக வேண்டும். ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு தம்பதியினரைச் சிறையில் வைத்த நம்பிக்கை ஓர் ஆடைப்பாணியைப் போல மீட்டெடுக்கத்தக்கதன்று. காலத்தின் தோற்றத்தைத் துல்லியமாகப் பெயர்த்தெழுதிய கை, அதன் பொய்ச் சான்றையும் சேர்த்தே பெயர்த்தெழுதிவிட்டது.

தன்னையே சுட்டுக்கொண்ட சமந்தா சாகவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் கட்டுகளோடு கிடக்கும் அவளிடம், இருவருமே நலமாகிவிடுவீர்கள் என்கிறாள் செவிலி. விளம்பரத்தில் பொய்யாக இருந்த குழந்தை இப்போது அவள் வயிற்றில் இருக்கிறது.