இயந்திரத்தின் மேல் ஒரு கை

பழைய அறிவியல் புனைகதைப் படம் திரையில் ஓட, அதன் எதிரே நின்று ஒருவர் மின்னணு இசையை அந்தக் கணத்திலேயே உருவாக்குவது உயர்ந்த கலை. பொத்தானை அழுத்தினால் இயந்திரமே வாசித்துவிடுமே என்று சிலர் மறுப்பார்கள். ஆனால் 1956இல் வெளியான ‘ஃபர்பிடன் பிளானட்’ படத்துக்காக லூயி, பெபே பாரன் தம்பதியர் தாங்களே மின்சுற்றுகளைக் கட்டி ஒலியெழுப்பினார்கள். ஒலித்தபடியே கருகிப்போன சுற்றின் குரல் மீண்டும் கிடைக்கவில்லை. ஒலிநாடாவில் பிடித்ததே மிச்சம். மின்னணு ஒலியும் நழுவக்கூடியது, கவனம் கேட்பது என்பதற்கு இதுவே சான்று. 2000இல் இசைக்கலைஞர் ஜெஃப் மில்ஸ், இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங்கின் 1927ஆம் ஆண்டு மௌனப்படமான ‘மெட்ரோபொலிஸ்’ படத்துக்கு டெக்னோ இசை அமைத்தார். இயந்திரத்துக்கு அடிமையான தொழிலாளரின் கதைக்கு, இயந்திரத்தை ஆளும் மனிதனின் இசை துணைநின்றது. எந்த ஒலியை எப்போது நிறுத்துவது என்பதை மனிதனே தீர்மானிக்கிறான். கலை அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது.

இது நம் மண்ணுக்கு அந்நியம் என்பது அடுத்த மறுப்பு. ஆனால் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே, மின்னணு ஒலியை உருவாக்கும் மூக் சிந்தசைசருடன் இசைக்கூடம் அமைந்தது. அங்கே ஜின்ராஜ் ஜோஷிபுரா ‘ஸ்பேஸ் லைனர் 2001’ என்ற இசையைப் படைத்தார். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தார். அவருடைய 1979ஆம் ஆண்டு நாவலான ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’, விண்வெளிக்கு மின்தூக்கி எழும்பும் மலையைச் சிவனொளிபாத மலையின் சாயலில் படைத்தது. குருவிட்ட, எரத்ன வழியாக யாத்திரிகர் ஏறும் மலை அதுதான். அந்தக் கதைக்கு இலங்கைத் தோட்டத்துத் தப்பு மேளமும் சிந்தசைசரும் சேர்ந்து ஒலித்தால், அது இரவல் கலையாகாது. நமக்கும் பங்குள்ள எதிர்காலத்தை நாமே இசைப்பதாகும்.