திரையில் தலைகீழாகும் சூரியன்

பழனி மலைத்தொடரில் கோடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கப்பட்டது. சூரியப் புள்ளிகளின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். 1904 முதல் அங்கு ஒளிப்படத் தகடுகளில் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இன்று 4096-க்கு 4096 புள்ளிகள் கொண்ட சிசிடி கேமராவால் மறுபதிவாகி, ஃபிட்ஸ் என்ற வானியல் கோப்பு வடிவில் ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைக்கின்றன. தகடு நிலைத்தது, கோப்பும் நிலைக்கும். ஃபிட்ஸ் வடிவத்தைப் பேணுவோர் 1981 முதல் பழைய கோப்பு எதுவும் செல்லாக்காசு ஆகாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கோப்பைத் திரையில் வரைந்து காட்டும் நிரல்களுக்கு அந்தக் காப்பு இல்லை. இயங்குதளம் மாறும்போதெல்லாம் யாராவது அவற்றைப் புதிய தளத்தில் ஓடும்படி மாற்றியாக, அதாவது போர்ட் செய்தாக வேண்டும். போர்ட் செய்வது நல்ல வேலை. ஆனால் அது செய்யப்படும் முறையில் கவலைக்குரிய குறைகள் உண்டு.

உலகெங்கும் வானியலாளர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய பிஜிபிளாட் என்ற வரைகலை நிரலகத்தை எடுத்துக்கொள்வோம். அது கால்டெக் பல்கலைக்கழகத்தில் டிம் பியர்சன் 1983-இல் ஃபோர்ட்ரானில் எழுதத் தொடங்கியது. பிறந்த இடம் வேக்ஸ் கணினியின் விஎம்எஸ் இயங்குதளம். அன்றைக்கு அறிவியல் கூடங்களில் கோலோச்சிய விஎம்எஸ், இன்று மிகச் சிலரே அறிந்த ஒன்று. 2022-இல்தான் அது இன்டெல் வகைக் கணினிகளுக்கு வந்து சேர்ந்தது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் இயங்குதளம் நாளை ஒரு மூலைக்குப் போகும். ஆகவே போர்ட் செய்வதை ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

பிஜிபிளாட்டின் பெரிய பலம் அதன் கட்டமைப்பு. அச்சு வரைவது, எழுத்துப் பொறிப்பது, சமமதிப்புக் கோடுகள் இழுப்பது எல்லாம் மேலடுக்கில் நடக்கும். கீழே, படத்தைத் திரைக்கோ கோப்புக்கோ அனுப்பும் ஒரு டிரைவர். அதற்குக் கோடு இழு, நிறம் மாற்று, பக்கத்தை முடி என்பது போன்ற எண்ணிட்ட சில ஆணைகள் மட்டும் தெரிந்தால் போதும். புதிய இயங்குதளத்துக்குப் போகிறவர் அந்த டிரைவரை எழுதி, மற்றதைக் கம்பைல் செய்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது. எழுத்துகளும் ஹெர்ஷே வகைக் கோட்டு எழுத்துகளே என்பதால் இயங்குதளத்தின் எழுத்துருவை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. மாறக்கூடியதை ஒரே இடத்தில் அடைத்துவைத்த இந்த வடிவமைப்பை இன்றும் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாம்.

போர்ட் செய்வதால் மூல நிரலுக்கும் நன்மை உண்டு. பழைய இடத்தில் ஒளிந்திருந்த பிழைகள் புதிய இடத்தில் வெளியே வரும். பிஜிபிளாட்டின் ஜிஃப் டிரைவரில் நினைவக முகவரியைச் சாதாரண முழு எண்ணுக்குள் வைத்திருந்தார்கள். 32 பிட் கணினியில் அது பொருந்தியது. 64 பிட்டில் பொருந்தாது. அந்த மாறியின் வகையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நிரலிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. ஆனால் நிரலகத்தின் 5.2.2 பதிப்பு 2001-இல் வந்ததோடு வளர்ச்சி நின்றுவிட்டது. அதன்பின் 64 பிட்டுக்குப் போன பலரும் அதே வரியைத் தம் கையால் திருத்த வேண்டியதாயிற்று. இத்தனை பேர் உழைப்பும் ஒன்றுசேரவில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

இதைவிடப் பெரிய குறை, சரிபார்ப்பு. ஜன்னல் திறந்தது, படம் தெரிந்தது, போர்ட் முடிந்தது என்பதே வழக்கம். நிரலகத்தோடு வரும் மாதிரி நிரல்களை ஓட்டிக் கண்ணால் பார்த்துத் திருப்தி அடைகிறோம். கோடைக்கானல் படங்களை வைத்து யோசித்தால் இது எவ்வளவு ஆபத்து என்று விளங்கும். ஃபிட்ஸ் வழக்கப்படி படத்தின் முதல் புள்ளி கீழ் இடது மூலை. பிஜிபிளாட்டும் கீழிருந்தே எண்ணும். பெரும்பாலான ஜன்னல் அமைப்புகளோ மேல் இடது மூலையிலிருந்து எண்ணும். ஆகவே டிரைவர் ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் புரட்டித் தர வேண்டும். கோட்டுக்கு ஓர் ஆணை, படவரிசைக்கு வேறோர் ஆணை என்பதால், ஒன்றில் புரட்டி மற்றதில் மறந்துவிட வாய்ப்புண்டு. அப்போது அச்சும் எண்களும் சரியாக இருக்கும். சூரியன் மட்டும் தலைகீழாக நிற்கும்.

வட்டத்தைத் தலைகீழாக்கினாலும் வட்டம்தான். வட அரைக்கோளத்துச் சூரியப் புள்ளிகள் தெற்கே போனதைப் பார்வையாளர் கண்டுபிடிக்க வழியில்லை. கோடைக்கானல் பதிவுகளைக் கொண்டு சூரியனின் வட-தென் ஏற்றத்தாழ்வையே ஆராய்கிறார்கள். அங்கே இப்படி ஒரு பிழை, ஆய்வின் விடையையே புரட்டிப் போடும். நிரல் நின்றுபோனால் உடனே தெரியும், அதைத் திருத்திவிடலாம். அழகான தவறான படத்தை யார் சந்தேகிப்பார்கள்?

உரிமமும் ஒரு தடை. பிஜிபிளாட்டின் பதிப்புரிமை கால்டெக்கினுடையது. வணிகமல்லாத பயன்பாட்டுக்கே இலவசம். மூல நிரல் கண்முன் இருந்தும் திருத்திப் பரப்பும் முழு உரிமை இல்லாததால், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் அதைத் தன் முதன்மைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. இதற்கு மாற்றாக வானியலாளர் டேனியல் பிரைஸும் அவரோடு சேர்ந்தவர்களும் கிஸா என்ற நிரலகத்தை எழுதினார்கள். அது பழைய ஆணைகளின் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே கெய்ரோ என்ற கட்டற்ற நிரலகத்தால் வரைகிறது. பழைய ஆய்வு நிரல்களைப் பெரும்பாலும் மாற்றாமலே ஓட்டலாம். மூன்று வழிகளில் (பழையதை ஒட்டுப்போடுவது, பைத்தானுக்கு மாறிவிடுவது, முகப்பை வைத்து உள்ளே மாற்றுவது) எனக்கு உகந்தது மூன்றாவதே.

ஆனால் அதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. கெய்ரோவில் பீஓஎஸ் இயங்குதளத்துக்கென வரையும் பகுதி ஒன்று இருந்தது. 2023-இல் வந்த 1.18 பதிப்பில் பீஓஎஸ், ஓஎஸ்/2 உள்ளிட்ட பல பகுதிகளை நீக்கிவிட்டார்கள். பராமரிக்க ஆளில்லாத நிரலைச் சுமக்க முடியாது என்றால் அதைக் குறைசொல்ல முடியாது. பீஓஎஸ்ஸின் வழிவந்த ஹைக்குவில் இன்றும் கெய்ரோவால் படத்தைக் கோப்பாக எழுதலாம். ஜன்னலில் காட்ட வேறு வழி தேட வேண்டும்.

நம் கல்லூரிகளில் நிரலகங்களைப் போர்ட் செய்யும் மாணவர்களுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் செய்த திருத்தத்தை (பேட்ச்) உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். மூலத் திட்டத்துக்கு அனுப்புங்கள். ஒரு மூலையில் மட்டும் வெள்ளைப் புள்ளி உள்ள, சமச்சீரற்ற சோதனைப் படம் ஒன்றையும், அது வர வேண்டிய சரியான விடையையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள். எந்தப் புதிய இயங்குதளத்திலும் சூரியனைத் திறப்பதற்கு முன் அந்தப் படத்தைத் திறந்து பாருங்கள்.