ட்ரிபிள் 20 மயக்கம்

2024 ஜனவரி 3, லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸ். உலக டார்ட்ஸ் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் பதினாறு வயது லூக் லிட்லர் செட் கணக்கில் 4-2 என்று முன்னால் நிற்கிறார். ஏழாவது செட்டும் கைக்கெட்டும் தூரத்தில். டபுள் 2-ல் ஒரு டார்ட் குத்தி நின்றால் 5-2. எறிந்தார், தவறியது. அந்த செட்டை எடுத்துக்கொண்ட லூக் ஹம்ப்ரிஸ், அதற்குப் பின் வந்த நான்கையும் விடவில்லை. முடிவு 7-4.

அன்று இருவருமே மூன்று டார்ட்டுக்குச் சராசரியாக நூறு புள்ளிக்கு மேல் எடுத்தார்கள். புள்ளி குவிப்பதில் பையன் சளைக்கவில்லை. ஆட்டம் திரும்பியது எட்டு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வளையத்தில்.

டார்ட்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. 501-லிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும், சரியாகப் பூஜ்யத்தில் வந்து நிற்க வேண்டும். கடைசி டார்ட் எண்ணை இரட்டிப்பாக்கும், பலகையின் வெளி ஓரத்து டபுள் வளையத்திலோ, 50 புள்ளி தரும் நடுப்பொட்டிலோ குத்த வேண்டும். நடுப்பொட்டுக்கு 'புல்' என்று பெயர். எவ்வளவு வேகமாக இறங்கி வந்தாலும் டபுள் விழாவிட்டால் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

ஆனால் வீட்டில் பலகை மாட்டியவர்கள் பயிற்சி என்ற பெயரில் செய்வது என்ன? 20-ஐ மும்மடங்காக்கும் ட்ரிபிள் 20-ஐப் பார்த்து எறிவது. மறுபடி எறிவது. ஒரு மணி நேரம் எறிவது. பலகையிலேயே பெரிய பரிசு அதுதான், ஒரு டார்ட்டுக்கு 60. மூன்றும் விழுந்தால் 180 என்று தொலைக்காட்சியில் அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்துவாரே, அந்தச் சத்தம் நம் காதிலும் கேட்கிறது. பத்து வருடமாக இந்த மயக்கத்தில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். இந்தப் பயிற்சி கையைத்தான் சூடாக்குகிறது, ஆட்டத்தை அதிகம் உயர்த்துவதில்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். மூன்று டார்ட்டுக்கு 60 எடுப்பவர் அரும்பாடுபட்டு 65-க்கு ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 501-ஐக் கரைக்க முன்பு எட்டு முறைக்குச் சற்று அதிகமாகக் கோட்டில் நின்றவருக்கு இப்போது எட்டுக்குச் சற்றுக் குறைவு. மிச்சம் இரண்டு டார்ட். அதே ஆள் டபுளில் பத்துக்கு ஒன்று என்ற நிலையிலிருந்து ஆறுக்கு ஒன்று என்று முன்னேறினால், சராசரியாக நான்கு டார்ட் மிச்சம். எங்கே உழைத்தால் கூலி அதிகம் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எறிவதில் இன்னொரு கோளாறும் உண்டு. 1979-ல் ஜான் ஷியா, ராபின் மார்கன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கையால் சிறு தடுப்புகளைத் தட்டிவிடும் மூன்று வகை அசைவுகளைச் சிலருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒன்றை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து கட்டிப் பழகியது. பயிற்சியின்போது முதல் குழுதான் வேகம். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களே முந்தினார்கள். கை ஒரே பாதையில் ஓடும்போது 'வந்துவிட்டது' என்று ஒரு பொய் நிம்மதி கிடைக்கிறது. நிஜ ஆட்டத்தில் டபுள் 8-ஐ நோக்கி யாரும் முப்பது முறை எறிவதில்லை. அதிகம் போனால் மூன்று, பிறகு எதிராளி முறை.

அதனால்தான் டார்ட்ஸ் உலகில் பயிற்சியையே ஆட்டமாக்கி வைத்திருக்கிறார்கள். பல உண்டு. என் கணக்கில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் அது 'பாப்ஸ் 27'. 1988-ல் உலக சாம்பியனான இங்கிலாந்து வீரர் பாப் ஆண்டர்சனின் பெயரில் வழங்குவது.

கையில் 27 புள்ளியோடு தொடங்குகிறீர்கள். டபுள் 1-க்கு மூன்று டார்ட். விழும் ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி கூட்டல். மூன்றும் தவறினால் 2 கழித்தல். அடுத்து டபுள் 2, விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் 4, ஒன்றும் விழாவிட்டால் 4 போச்சு. இப்படியே டபுள் 20 வரை போய், கடைசியில் புல்லுக்கு மூன்று டார்ட், அங்கே பந்தயம் 50. நடுவில் எப்போதாவது கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஆட்டம் முடிந்தது, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கேட்க எளிது. ஒன்றுமே விழாதவர் 25, 21, 15, 7 என்று இறங்கி டபுள் 5-ல் மைனஸ் 3-ல் வெளியேறுவார். பதினைந்தே டார்ட். இதைத் தொடங்கிய புதிதில் நான் வாரக்கணக்கில் இந்த ஐந்தாம் வாசலைத் தாண்டவில்லை. ஒவ்வொரு டபுளிலும் புல்லிலும் மூன்றுக்கு ஒன்று குத்துபவர் 497-ல் முடிப்பார். ஒரு டார்ட்கூடத் தவறாவிட்டால் 1437. அதை விடுங்கள், அது கனவில் வரும் எண்.

இதன் சூட்சுமம் தண்டனையில் இருக்கிறது. தொடக்கத்தில் தவறினால் இரண்டும் நான்கும்தான் போகும். போகப் போக 34, 36, 38, 40. அரும்பாடுபட்டுச் சேர்த்த எண் ஒரே முறையில் கரைவதைப் பார்க்கும்போது மூன்றாவது டார்ட்டைப் பிடித்திருக்கும் விரல்கள் கனக்கும். முதல் இரண்டும் தவறி, கையில் ஒன்றே மீதம் இருக்கும் அந்த நொடியைத் தனியறையில், எதிராளியே இல்லாமல் வரவழைக்கும் வேறு பயிற்சி எனக்குத் தெரியவில்லை. சும்மா எறியும்போது தவறுக்கு விலை கிடையாது. விலை இல்லாத தவறைக் கை நினைவில் வைத்துக்கொள்வதும் இல்லை.

போகிற போக்கில் ஒன்று. பாப்ஸ் 27-ல் உங்கள் கணக்கு எப்போதும் ஒற்றைப்படையாகவே இருக்கும். 27 ஒற்றைப்படை, கூடுவதும் கழிவதும் எல்லாம் இரட்டைப்படை. தாளில் இரட்டைப்படை எண் தெரிந்தால் கூட்டலில் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. நண்பரோடு ஆடும்போது இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இந்த ஆட்டத்தின் இன்னொரு லாபம், யாரும் விரும்பாத டபுள்களிலும் கை படுகிறது. வீரர்கள் பலர் 32 மீதம் வைக்க விரும்புவதற்குக் காரணம் உண்டு. டபுள் 16-ஐத் தவறி உள்ளே சிங்கிளில் குத்தினால் 16 மிஞ்சும், டபுள் 8 இருக்கிறது. அதுவும் தவறினால் டபுள் 4, பிறகு டபுள் 2, பிறகு டபுள் 1. பாதி பாதியாக இறங்கலாம், ஒரு டார்ட்டும் வீணாகாது. 40 வைத்தால் 20, 10, அடுத்து 5. அங்கே ஒற்றைப்படையில் மாட்டிக்கொண்டு, சரிசெய்ய ஒரு டார்ட்டைச் செலவிட வேண்டும். ஆனால் 32-லிருந்து இறங்கும் படிக்கட்டிலும் கீழ்ப்படிகள் வழுக்கும். டபுள் 1-க்கு ஆங்கிலேய ஆட்டக்காரர்கள் வைத்த செல்லப்பெயர் பைத்தியக்கார விடுதி. திட்டமிட்டு டபுள் 2-க்குப் போகிறவர் அபூர்வம், வழி தவறித்தான் அங்கே போய்ச் சேர்கிறோம். அங்கே நின்று பழகாதவருக்கு அந்த இடம் அந்நியமாகத்தான் தெரியும்.

பெரிய கைகளுக்கும் டபுள் தவறும். 2023 உலக இறுதி ஆட்டத்தில் மைக்கேல் வான் கெர்வன் எட்டு டார்ட்டைப் பிழையின்றி எறிந்தார். ஒன்பதாவது டபுள் 12-ல் விழுந்திருந்தால் ஒன்பதே டார்ட்டில் 501 முடிந்திருக்கும், இந்த விளையாட்டின் உச்சம் அது. தவறியது. அடுத்து வந்த மைக்கேல் ஸ்மித்தும் எட்டு டார்ட்டைப் பிழையின்றி முடித்து அதே டபுள் 12-க்கு வந்து நின்றார், குத்தினார். அந்த ஆண்டுக் கோப்பையும் ஸ்மித்துக்குத்தான், 7-4.

டபுள் ஓரளவு வசப்பட்டதும் அடுத்த ஆட்டம் 121. ஒன்பது டார்ட்டுக்குள் 121-ஐ முடிக்க வேண்டும். முடித்தால் 122, பிறகு 123. முடியாவிட்டால் மறுபடி 121. மனசு கேட்காதவர்கள் ஓர் எண் மட்டும் கீழே இறங்குவதும் உண்டு. இங்கே சோதனை கைக்கு மட்டும் இல்லை, கணக்குக்கும்தான். ட்ரிபிள் 20-ஐக் குறிவைத்து சிங்கிளில் விழுந்தால் 101 மீதம், அதற்கு ட்ரிபிள் 17-ம் புல்லும். முதலிலேயே நடுவில் எறிந்து, புல்லைச் சுற்றிய 25-ல் விழுந்தால் 96, அதற்கு ட்ரிபிள் 20-ம் டபுள் 18-ம். கோட்டில் நின்றுகொண்டு விரல் விட்டு எண்ணுபவர் எறியும் தாளத்தை இழப்பார். இந்த ஆட்டத்தை ஒரு மாதம் ஆடினால் கணக்கு கண்ணிலேயே தெரியத் தொடங்கும். மூன்று டார்ட்டில் முடிக்கவே முடியாத எண்களும் மனதில் பதியும்: 159, 162, 163, 165, 166, 168, 169. 189 மீதம் இருக்கையில் கையில் ஒரு டார்ட் இருந்தால், 20-ல் சிங்கிள் விழுந்து 169-ல் மாட்டுவதைவிட 19-ல் எறிவது புத்திசாலித்தனம். சிங்கிள் விழுந்தாலும் 170, அதை முடிக்க வழி உண்டு.

மீதம் என்ன வைப்பது என்ற தீர்மானத்துக்கு வரலாற்றில் ஒரு பெரிய உதாரணம் 1983 உலக இறுதி ஆட்டம். எரிக் பிரிஸ்டோவுக்கு 50 மீதம், கையில் கடைசி டார்ட். புல்லில் எறியாமல் சிங்கிள் 18-ல் குத்தி, தனக்குப் பிடித்த 32-ஐ வைத்துக்கொண்டார். எதிரே தகுதிச் சுற்றிலிருந்து வந்த கீத் டெல்லர், முடிக்க வேண்டியது 138. டெல்லர் ட்ரிபிள் 20, ட்ரிபிள் 18, டபுள் 12 என்று மூன்றே டார்ட்டில் முடித்துக் கோப்பையைத் தூக்கினார். பிரிஸ்டோவைக் குறை சொல்பவர்கள் உண்டு, நான் சொல்ல மாட்டேன். 138-ஐ அந்த நேரத்தில் முடிப்பார் என்று யார்தான் பந்தயம் கட்டியிருப்பார்கள்? ஆனால் 121 ஆட்டத்தில் புல்லை ஒதுக்கிவிட்டு வெகுதூரம் போக முடியாது.

புள்ளி குவிக்கும் பயிற்சியே வேண்டாம் என்கிறேனா? இல்லை. அதற்கும் கணக்கு வேண்டும் என்கிறேன். 99 டார்ட் எடுத்துக்கொள்ளுங்கள், 33 முறை. 20-ல் மட்டும் எறியுங்கள். சிங்கிளுக்கு 1, டபுளுக்கு 2, ட்ரிபிளுக்கு 3. மொத்தத்தைத் தேதி போட்டு எழுதுங்கள். தவறியவை எந்தப் பக்கம் போகின்றன என்பதையும் குறியுங்கள். 20-க்கு இடப்பக்கம் 5, வலப்பக்கம் 1. தவறுகள் எல்லாம் 1-லேயே குவிந்தால் கை வலப்பக்கம் இழுக்கிறது. இந்தத் தகவலை மூன்று மணி நேரச் சும்மா எறிதல் சொல்லித் தராது. அதோடு நிறுத்தி, மறுநாள் 19-ல் அதையே செய்யுங்கள். ட்ரிபிள் 20-ஐ முதல் டார்ட் மறைத்துவிட்டால் ஒதுங்கப் போகும் இடம் அதுதான்.

தொடக்கக்காரர்களுக்கு எல்லோரும் சிபாரிசு செய்யும் 'ரவுண்ட் த கிளாக்', 1 முதல் 20 வரை வரிசையாகக் குத்துவது, எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. விழும்வரை அங்கேயே நிற்கலாம் என்பதால் அதில் பயமே இல்லை. எத்தனை டார்ட்டில் முடித்தோம் என்று எண்ணினால் ஓரளவு உயிர் வரும். இளையோர் பயிற்சிக்கூடங்களில் புழங்கும் 'ஷாங்காய்' மேல். ஓர் எண்ணுக்கு மூன்று டார்ட், சிங்கிள், டபுள், ட்ரிபிள் மூன்றும் ஒரே முறையில் விழுந்தால் பரிசு.

நாலு பேர் கூடினால் 'ஹாவ் இட்'. குறித்த இலக்கில் மூன்றும் தவறினால் அதுவரை சேர்த்ததில் பாதி போய்விடும். சிரிப்புக்கும் வயிற்றெரிச்சலுக்கும் பஞ்சமிருக்காது.

எதை ஆடினாலும் அளவு சரியாக இருக்கட்டும். தரையிலிருந்து புல்லின் நடுப்புள்ளி வரை 1.73 மீட்டர், பலகையின் முகப்பிலிருந்து எறியும் கோடு வரை 2.37 மீட்டர். கோட்டை முகப்பிலிருந்து அளக்க வேண்டும், சுவரிலிருந்து அளந்தால் பலகையின் கனத்தளவு ஏமாற்றிக்கொள்கிறீர்கள். நான் இரண்டு வருடம் அப்படித்தான் ஏமாற்றினேன். கதவின் பின்னால் மாட்டாதீர்கள். யாராவது திறப்பார்கள்.

லிட்லர் விஷயத்துக்கு வந்தால், சரியாக ஓராண்டு கழித்து, 2025 ஜனவரி 3 அன்று அதே மேடையில் மீண்டும் இறுதி ஆட்டம் ஆடினார். எதிராளி மூன்று முறை சாம்பியன் வான் கெர்வன். முதல் நான்கு செட்டும் லிட்லருக்கு, முடிவு 7-3. பதினேழு வயதில் உலக சாம்பியன், அதுவரை எவரும் அந்த வயதில் வென்றதில்லை.

இன்றிரவு முப்பது நிமிடம் ஒதுக்கி, 27-ல் தொடங்கிப் பாருங்கள். எங்கே வெளியேறினீர்கள், அல்லது என்ன எண்ணில் முடித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். என் ஆகச் சிறந்த கணக்கு 135. முறியடிப்பது கடினமில்லை.