குழாயில் இறங்கியது எவ்வளவு?

சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஊட்டச்சத்துச் சோதனை முடிந்துவிட்டது என்று வளைகுடா மருத்துவமனைகள் தங்கள் தர அறிக்கைகளில் பெருமைப்படுகின்றன. ஜேசிஐ என்ற சர்வதேசத் தரச்சான்று பெற்ற மருத்துவமனைகள் மிகுந்த நாடுகளில் அமீரகம் முன்வரிசையில் இருக்கிறது. குழந்தைகள் ஐசியூவில் ஊட்டக்குறைவைக் கவனிக்கிறோம் என்பதற்கு இந்தச் சோதனையே ஆதாரமாகக் காட்டப்படுகிறது.

சோதனை வேண்டியதுதான். துபாயிலோ தோஹாவிலோ மெலிந்து வரும் குழந்தையைப் பெரும்பாலும் வறுமை அல்ல, பிறவி இதயக்கோளாறோ மரபணு நோயோதான் கரைத்திருக்கும். பருமனான குழந்தையின் தசைக்குறைவு எடையில் தெரியாது. 16 நாடுகளின் 90 ஐசியூக்களில் வென்டிலேட்டரில் இருந்த 1,622 குழந்தைகளை ஆராய்ந்து 2016இல் வெளியான முடிவும் சோதனையின் தேவையையே காட்டியது: எடை குறைந்தவர்களிடம் இறப்பு கூடுதல், எடை குறைந்தவர், பருமனானவர் இருசாராரிடமும் மருத்துவமனைத் தொற்று கூடுதல்.

ஆனால் கண்டுபிடித்த பிறகு என்ன நடக்கிறது? என் நெடுநாளைய ஆட்சேபம் இங்கேதான். பாஸ்டன் மருத்துவர் நிலேஷ் மேத்தாவின் குழு 2012இல் எட்டு நாடுகளின் 500 குழந்தைகளைப் பற்றி எழுதியது. எழுதிக்கொடுத்த கலோரியில் 38 சதவீதமும் புரதத்தில் 43 சதவீதமுமே குழந்தைகளுக்குச் சேர்ந்திருந்தன. மறுநாள் ஸ்கேன் என்று நள்ளிரவிலேயே உணவை நிறுத்துவார்கள். ஸ்கேன் மாலைக்குத் தள்ளிப்போகும். சுவாசக்குழாயை எடுக்கப்போகிறோம் என்று இன்னொரு நிறுத்தம். வயிற்றில் மிச்சமிருக்கிறதா என்று உறிஞ்சிப் பார்த்து மற்றொன்று. இப்படி வழக்கமாக உறிஞ்சிப் பார்ப்பதை ஐரோப்பியக் குழந்தைத் தீவிர சிகிச்சைச் சங்கம் 2020இலேயே பரிந்துரைக்கவில்லை.

நாளொன்றுக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 1.5 கிராம் புரதம் என்கிறது 2017இன் அமெரிக்க வழிகாட்டி. பத்துக் கிலோ குழந்தைக்கு 15 கிராம். உணவு செல்லும் குழாய் பாதி நேரம் மூடிக் கிடந்தால், குறையை உடல் தன் தசையைக் கரைத்துத்தான் ஈடுகட்டும். மூச்சுக்கு உழைக்கும் உதரவிதானமும் அதற்குத் தப்பாது. பிறகு வென்டிலேட்டரை விலக்க முடியவில்லை என்று நோயின்மேல் பழி போடுகிறோம்.

நோய் முற்றிய குழந்தைக்குத்தான் உணவும் குறைவாக இறங்கும் என்பார்கள். ஓரளவு சரி. ஆனால் ஸ்கேன் தள்ளிப்போனது எந்த நோயின் குற்றம்? "முதல் வாரம் உணவுக்கு அவசரமில்லை" என்பதற்கு 2016இல் வெளிவந்த பெப்பானிக் ஆய்வைத் துணைக்கு அழைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. 1,440 குழந்தைகளிடம் நடந்த அந்த ஆய்வு, நரம்பில் ஏற்றும் ஊட்டத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டதால் புதிய தொற்று 18.5 சதவீதத்திலிருந்து 10.7 ஆகக் குறைந்ததைக் காட்டியது. குடல் வழி உணவை அங்கே யாருக்கும் தள்ளிப்போடவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலுக்காகக் குழந்தைகளை அளந்த ஆறு நகரங்களில் மஸ்கட்டும் ஒன்று. அளக்கத் தெரியாத வட்டாரம் அல்ல இது. மணிக்கு மணி குழாயில் இறங்கிய மில்லிலிட்டரை நர்ஸ் ஏற்கெனவே எழுதி வைக்கிறார். தரச்சான்று தர வருகிறவர்கள் சோதனைப் படிவத்தைப் புரட்டுவதோடு நில்லாமல், நர்ஸின் அந்தக் குறிப்பை மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும்.