பாட்டி எங்கே போனாள்?

சாவைப் பிள்ளைக்குப் புரியவைக்கப் புத்தகம் உதவுமா என்று கேட்டால், எந்த வீட்டுப் பிள்ளைக்கு என்று திருப்பிக் கேட்பேன். மும்பை தாராவியில் ஒரு சாவு விழுந்தால் சந்துக்கே தெரியும். உடலை வாசலில் கிடத்துவார்கள், சங்கு ஊதும், ஒப்பாரி எழும். பெரியவர்களின் கால்களுக்கிடையே புகுந்து பொடிசுகளும் பார்த்துவிடும். போனவர் வரமாட்டார் என்று அதற்குப் படம் போட்டுச் சொல்ல வேண்டாம். மாட்டுங்கா, செம்பூர் அடுக்கக வீடுகளில் நடப்பது வேறு. பாட்டி திருநெல்வேலியில் தவறிவிடுகிறாள். பரீட்சையாம், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் ரயிலேறுகிறார்கள். "சாமிகிட்ட போயிட்டா" என்பதோடு பேச்சு முடிந்தது.

சதுரா ராவின் 'கான் கிராண்ட்மதர்' இந்தப் பிள்ளைக்கானது. சென்னை தூலிகாவின் வெளியீடு. இல்லாமல்போன பாட்டி எங்கே என்ற சிறுமியின் கேள்வியை அது அடக்கவில்லை. அதுவே அதன் பலம். ரிச்சா ஜாவின் 'பூ! வென் மை சிஸ்டர் டைட்' இன்னும் துணிச்சலானது, அக்கா செத்துப்போனதை அட்டையிலேயே சொல்லிவிடுகிறது. நான் இதற்கே கூடுதல் மதிப்பெண் போடுவேன். ஹங்கேரியப் பிள்ளைகளிடம் பேசி மரியா நாகி 1948இல் வெளியிட்ட ஆய்வின்படி, 5 வயதுக்குட்பட்டவர்கள் சாவைப் பயணமாகவோ தூக்கமாகவோதான் நினைக்கிறார்கள். "தாத்தா தூங்கிட்டார்" என்றால், எப்போது எழுந்திருப்பார் என்றுதானே அடுத்துக் கேட்கும்?

இந்த அளவுகோலில் தாகூரின் 'டாக் கர்' (1912) தேறாது. நோயாளிச் சிறுவன் அமல் கடைசியில் தூங்கிப்போகிறான். அது சாவு என்று நாடகம் உடைத்துச் சொல்வதில்லை. ஆனால் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் யானுஷ் கோர்சாக் தன் அநாதை இல்லப் பிள்ளைகளை 1942 ஜூலையில் நடிக்கவைத்தது இதைத்தான். மறுமாதமே அவரும் பிள்ளைகளும் ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து தயிர்க்காரரிடம் கதை பேசும் அமலை 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். 4 வயதுக்கு வேண்டாம்.

2020 ஏப்ரலில் கொரோனா தாராவிக்குள் நுழைந்த பிறகு சந்துப் பிள்ளையும் அடுக்ககப் பிள்ளையும் ஒன்றானார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன அப்பாவின் உடல் வீட்டுக்கு வரவில்லை. தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர்களுக்கு மகாராஷ்டிர அரசு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை அறிவித்தது. ஒன்றிய அரசு 10 லட்சம். பணம் வேண்டியதுதான். அப்பா ஏன் வரவில்லை என்பதைப் பணம் சொல்லாது.

ஆகவே என் தீர்ப்பு: சடங்கு விட்டுப்போன வீட்டில்தான் புத்தகத்துக்கு உண்மையான வேலை. சடங்கு நடந்த வீட்டிலும் ஒரு மூலை மிச்சமிருக்கிறது. 'நான் சண்டை போட்டதாலதான் அம்மா செத்தாளா' என்று பிள்ளை உள்ளுக்குள் மருகுவதை ஒப்பாரி தீர்க்காது. ஆனால் எந்தப் புத்தகமும் தனியே நின்று உதவாது. மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் ஆங்கிலப் படக்கதையை நீட்டி என்ன பயன்? டீச்சரோ அத்தையோ பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். சொல்பவர் முதலில் தனியாக ஒருமுறை படித்துவிடுங்கள். 'தூங்கிவிட்டார்' என்று வரும் இடத்தில் நிறுத்தி, செத்துப்போய்விட்டார் என்றே சொல்லுங்கள்.