கூடமாட ஒரு கை

இங்கிலீஷில் 'லெண்ட் எ ஹேண்ட்' என்பதற்குத் தமிழில் என்ன? பத்திரிகையைப் பிரித்தால் 'உதவிக்கரம் நீட்டினார்' என்றுதான் இருக்கும். வெள்ளம் வந்தாலும் உதவிக்கரம், நடிகர் பிறந்தநாளுக்கும் உதவிக்கரம். எனக்கு இந்தச் சொல்லோடு கொஞ்சம் சண்டை உண்டு. 'ஹெல்பிங் ஹேண்ட்' என்பதைத் துண்டு துண்டாக எடுத்துத் தமிழில் ஒட்டியது மாதிரி இருக்கிறது. போதாததற்கு, நீட்டுகிறவர் மேடையில் நிற்கிறார், வாங்குகிறவர் கீழே நிற்கிறார். பீரோவை நகர்த்தும்போது யாராவது 'உதவிக்கரம் நீட்டுங்கள்' என்று கேட்டிருக்கிறார்களா? "ஒரு கை பிடிப்பா" என்போம், அவ்வளவுதான்.

இங்கிலீஷ்காரர் கையைக் 'கடன்' தருகிறார். லெண்ட், லோன் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. நாம் கை 'கொடுக்கிறோம்'. ஆனால் கடன் நம்மிடமும் இருக்கிறது: வட்டியில்லாமல் வாங்கும் சில்லறைக் கடனுக்குக் கைமாத்து என்று பேர். பதிலுக்குச் செய்வது கைம்மாறு. மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்யும் என்று வள்ளுவர் 211ஆம் குறளில் கேட்கிறார். 788இல் நட்புக்கு அவர் சொல்லும் உவமை எனக்கு இன்னும் பிடிக்கும். உடுத்திய துணி நழுவினால் கை தானாக ஓடிப் பிடிக்குமே, அந்த வேகம். அங்கே நீட்டலும் இல்லை, மேடையும் இல்லை.

சரி, பட்டுச்சேலை ஊரில் இந்தக் 'கை' என்ன ஆகிறது?

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டு நிற ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒவ்வொன்று. இருபக்கமும் கோர்வை என்றால் ஒரே ஆள் மூன்றையும் விடுவது கஷ்டம். அதனால் தறியில் நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து அந்தப் பக்கக் கரையைப் பார்த்துக்கொள்வார். பிள்ளையார்பாளையம் மாதிரி நெசவாளர் தெருக்களில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி. முன்பெல்லாம் பல வீடுகளில் பிள்ளை.

கூலியோ சேலைக்கு இவ்வளவு என்று, ஒரு பேரில். இரண்டாவது ஆள் செய்வதற்குப் பெயர் வேலை இல்லை, 'கூடமாட ஒத்தாசை'. (எங்கள் தொழிலில் ஒரே நிரலை இரண்டு பேர் எழுதினால் கமிட்டில் இரண்டு பேரையும் போட வழி உண்டு. சேலைக்கு அப்படி ஒன்று இல்லை.)

என் பிரச்சினை இந்தச் சொல்லோடுதான், ஏனென்றால் சட்டமும் இதையே பேசியது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடைப்பட்டியலில் வைத்தது. ஆனால் குடும்பத்தாரின் 'உதவியோடு' நடக்கும் பட்டறைக்கு விலக்குக் கொடுத்தது. 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழே எல்லா வேலையையும் தடுத்தது. அதிலும் பள்ளி நேரம் முடிந்து குடும்பத் தொழிலுக்கு 'உதவலாம்'. உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே ஆரம்பிக்கிறது என்று தறிக்குழிக்குள் கோடு போட முடியுமா?

ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட 'ஸ்மால் சேஞ்ச்' அறிக்கை, காஞ்சிபுரம் உள்பட சில பட்டு ஊர்களின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றியது. பெற்றோர் முன்பணம் வாங்குவார்கள், பிள்ளை அதற்கு ஈடாக அடுத்தவர் தறியில் உட்காரும். இங்கிலீஷ் சொலவடையில் கடன் தரப்படுவது கை. இங்கே கடன் தரப்பட்டது பணம், அடகு போனது கை.

இங்கிலீஷுக்கும் இந்தப் பக்கம் உண்டு. ஆலைத் தொழிலாளியை 'ஹேண்ட்' என்றே அழைத்தார்கள். டிக்கன்ஸ் 1854இல் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் அந்தப் பெயரைக் குத்திக் காட்டுகிறார். நம் 'கையாள்' அதற்கு நேர்ச் சொல். இப்போது அது அடியாளுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது என்பது வேறு கதை.

2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 35 லட்சம் பேர். நெசவாளர் ஒரு கட்டம், நூல் சுற்றுவது போன்ற சார்புத் தொழிலாளர் இன்னொரு கட்டம். கோர்வைத் தறியில் இரண்டாவதாக உட்கார்ந்திருக்கும் அம்மாவை எந்தக் கட்டத்தில் எழுதுவது? "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்கும்போது "வீட்லதான் இருக்கேன், அவருக்குக் கூடமாட ஒத்தாசை" என்று அவர் சொல்லிவிட்டால், இரண்டிலும் இல்லை.